பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்ட சில்வர் ஓக்கை எப்படி இறக்குவது?

கேள்வி இதுதான். கீழ்ப்பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டம். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் ஒன்றைச் செயின்சாவால் அறுத்திருக்கிறார்கள். அது தரைக்கு வராமல் பக்கத்துப் பலா மரத்தின் கவையில் தலையைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுவிட்டது. அடிமரம் இன்னும் அடிக்கட்டையை விட்டு முழுதாக விலகவில்லை. அறுக்க வந்தவர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். பலாவை அறுத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும் என்பது ஒன்று. சில்வர் ஓக்கின் அடியிலிருந்து மூன்று மூன்று அடியாகத் துண்டு போட்டுக்கொண்டே போனால் மரம் தானாக நிமிர்ந்து இறங்கிவிடும் என்பது இன்னொன்று. இதில் எது சரி?

இரண்டுமே வேண்டாம். இந்த இரண்டும் மலைத் தோட்டங்களில் தினமும் நடப்பவைதான், பல தடவை ஒன்றும் ஆகாமல் முடிந்தும் இருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது. மரம் மாட்டிக்கொண்ட அந்த நிமிடத்திலேயே மெஷினின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி இருப்பது இழுக்கிற வேலை, உருட்டுகிற வேலை. கையில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் இருப்பதாலேயே இன்னும் ஒரு வெட்டுப் போட்டால் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

முதலில் எடையை நினைத்துப் பாருங்கள். அடியில் ஒரு அடி விட்டமும் 60 அடி உயரமும் உள்ள பச்சை சில்வர் ஓக், கிளைகளோடு சேர்த்து அரை டன்னை ஒட்டி இருக்கும். அந்த எடையில் ஒரு பங்கு பலாவின் மேல், மீதி அடிக்கட்டையின் மேல். பலாவை அறுக்கப் போகிறவர் அந்த எடைக்கு நேர் கீழே நின்றுதான் அறுக்க வேண்டும். மேலே பாரம் சுமந்து நிற்கும் மரம் எப்போது, எந்தப் பக்கம் முறியும் என்பதை அடியில், விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் எடுக்கும் வாய் வெட்டு தீர்மானிக்காது, மேலே உள்ள பாரம்தான் தீர்மானிக்கும். பாதி வெட்டிலேயே பலா நெடுக்காகப் பிளந்து அடிமரம் பின்னால் எகிறலாம். பலா அசையத் தொடங்கியதும் சில்வர் ஓக் கவையிலிருந்து நழுவி முன்னதாகவே வந்துவிடலாம். ஓடுவதற்கு ஒரு திசை இருந்தால் போதாது, இரண்டு மரங்களுக்கும் தனித்தனியாகத் திசை பார்க்க வேண்டும். அது முடியாத காரியம்.

துண்டு போடும் வழி இன்னும் மோசம், ஏனென்றால் பார்க்கும்போது பாதுகாப்பாகத் தெரியும். ஒவ்வொரு துண்டு எடுக்கும்போதும் அடிமரம் கீழே இறங்கித் தரையில் குத்தும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாகும். ஓரளவுக்கு மேல் நிமிர்ந்த பிறகு அது பலாவின் மேல் சாய்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னாலும் வரும், பக்கவாட்டிலும் வரும். அந்த நேரத்தில் அறுப்பவர் அதன் அடியில் குனிந்து நிற்கிறார். வெட்டு மூடிக்கொண்டு மெஷினின் பார், அதாவது செயின் ஓடும் நீண்ட தகடு, சிக்கிக்கொள்வதும் இங்கேதான். சிக்கிய மெஷினை இழுத்து எடுக்கப் பார்க்கும்போது மரம் இறங்கும்.

யாராவது மூன்றாவதாக ஒரு யோசனை சொல்வார்கள்: மேலே நிற்கும் இன்னொரு மரத்தை அறுத்து இதன் மேல் தள்ளிவிடலாம் என்று. அந்த மரமும் மாட்டிக்கொண்டால் இரண்டு மரத்துக்கு மூன்று மரமாகச் சிக்கல் பெருகும். ஏறிப்போய் மேல் கிளையைக் கழிக்கிறேன் என்பவரையும் விடாதீர்கள். மாட்டிய மரத்திலும் ஏறக் கூடாது, அதைத் தாங்கி நிற்கும் மரத்திலும் ஏறக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? மெஷினை அணைத்துக் கீழே வையுங்கள். ஆட்களை வெளியே அனுப்புங்கள். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையில்லாத யாரும் இருக்கக் கூடாது. 60 அடி மரம் என்றால் 120 அடி. அமெரிக்காவின் மரம் வெட்டும் பணி விதிகளிலும் அடுத்தடுத்து வேலை செய்யும் குழுக்களுக்கு இடையே குறைந்தது இரண்டு மர உயரம் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் இது சுலபமில்லை. மிளகுக் கொடி கட்டுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள் அடுத்த வரிசையிலேயே இருப்பார்கள், செடி மறைப்பதால் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள். குரல் கொடுத்துப் பதில் வாங்காமல் யாரும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் மரத்தைச் சுற்றி, தூரமாகவே, நடந்து பாருங்கள். சாய்ந்த தண்டுக்கு அடியில் குறுக்கே போகக் கூடாது. பார்க்க வேண்டியது மூன்று விஷயம். தலை எதில் மாட்டியிருக்கிறது: கவையின் நடுவில் ஆழமாக இறங்கியிருக்கிறதா, ஒரு கிளையின் ஓரத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மிளகுக் கொடி பிடித்திருக்கிறதா? அடுத்து, முறிந்து தொங்கும் கிளைகள் மேலே உண்டா? சில்வர் ஓக்கின் கிளை சாதாரணக் காற்றுக்கே முறியும், விழும் வேகத்தில் கேட்கவே வேண்டாம். அறுந்த கிளை ஒன்று கொடியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு ஆளைக் கொல்லும். மூன்றாவது, அடிக்கட்டையோடு அடிமரத்தைப் பிடித்திருக்கும் அறுபடாத மரக் கீற்று எந்த நிலையில் இருக்கிறது?

அந்தக் கீற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் அறுக்கும்போது முன்னால் வாய் வெட்டு, பின்னால் பின் வெட்டு, நடுவில் அறுபடாமல் விடுகிற கீற்று ஒன்று. கதவுக்குக் கீல் எப்படியோ மரத்துக்கு அது அப்படி. மரம் எந்தத் திசையில், எந்த வேகத்தில் சாய வேண்டும் என்பதை அதுதான் பிடித்து நடத்துகிறது. பொதுக் கணக்கு, வாய் வெட்டின் ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை, கீலின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டர் மரத்துக்கு 3 சென்டிமீட்டர் கீல். வாயை 70 முதல் 90 பாகை வரை அகலமாகத் திறந்தால் மரம் ஏறக்குறையத் தரைக்கு வரும்வரை கீல் பிடித்திருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் 45 பாகையோடு நிறுத்திவிடுகிறார்கள். வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கீல் பாதியிலேயே முறியும், மீதித் தூரம் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

மாட்டிக்கொண்ட மரத்தில் இந்தக் கீல் இரண்டு வேலை செய்கிறது. அடிமரம் அடிக்கட்டையை விட்டு நழுவாமல் பிடித்து வைக்கிறது, அது நல்லது. மரத்தை உருட்டவும் விடாமல் தடுக்கிறது, அதனால்தான் அதை விடுவிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வெட்டில் முழுதாக அறுத்துவிடக் கூடாது. அறுத்தால் அடிமரம் அடிக்கட்டையிலிருந்து குதித்துப் பின்னால் வரும், அங்கே நிற்பவரின் கால் போய்விடும். பக்கவாட்டில் நின்று கீலின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு ஓரத்திலும் சிறிது சிறிதாக விடுவதுதான் முறை. ஓரத்தில் விட்ட இந்தத் துணுக்குகள், உருட்டும்போது தாமாகவே முறுக்கி அறுந்துவிடும். நடுவை எடுக்க பார் நுனியால் உள்ளே குத்த வேண்டியிருக்கும். நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் பார் மேலே எகிறி முகத்துக்கு வரும், செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் இருந்தாலும் முழுக்க நம்ப முடியாது. நுனியின் அடிப்பக்கத்தால் தொடங்கி, உள்ளே இறங்கிய பிறகுதான் நேராகத் தள்ள வேண்டும். இந்தக் குத்து வெட்டை நிற்கும் மரத்தில் போட்டுப் பழகாதவர் மாட்டிய மரத்தில் முதல் முதலாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். அப்படிப்பட்டவர்தான் வந்திருக்கிறார் என்றால் கீலைத் தொடாமல் நேரே இழுக்கிற வழிக்குப் போய்விடுங்கள். பாரம் அதிகமாகக் கீலில் இறங்கி நார் நாராகப் பிரிந்து நின்றாலும் அதே பதில்தான்.

இப்போது உருட்டுவது. கிளை ஓரத்தில் மட்டும் மாட்டியிருக்கும் ஒரு அடி விட்டம் வரையிலான மரத்துக்கு இது பெரும்பாலும் போதும். மர மில்லில் தடி புரட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கொக்கி போட்ட நெம்புகோல் இருந்தால் நல்லது, கொல்லர் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார். இல்லாவிட்டால் சாமான் தூக்கும் அகல பெல்ட் ஒன்றை அடிமரத்தில் சுற்றி, அதன் காதில் ஆறடி நீளமுள்ள உறுதியான கம்பைச் செருகித் திருப்பலாம். வெறும் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தண்டு திரும்பும்போது கடப்பாரை சுழன்று தாடையில் அடிக்கும். எந்தப் பக்கம் உருட்டினால் தலை வெளியே வருமோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், சரிவு என்றால் மேட்டுப் பக்கம். உங்களுக்கும் தண்டுக்கும் இடையே கம்பின் நீளம் இருக்கட்டும். கம்பை இடுப்பில் முட்டுக் கொடுக்காதீர்கள், கையால் பிடியுங்கள், விட்டுவிட்டு ஓட முடிய வேண்டும். முன்னும் பின்னுமாக ஆட்டித் திருப்பினால் தலை கிளையிலிருந்து கழன்றுகொள்ளும். சத்தம் கேட்டதும் கம்பை விட்டுவிட்டு, ஓடுவதற்கு முன்பே செதுக்கி வைத்த வழியில் போய்விட வேண்டும்.

கவைக்குள் ஆழமாக இறங்கிய மரம் உருட்டினால் வராது. உங்கள் மரம் இந்த வகை என்று கேள்வியிலிருந்து தெரிகிறது. இதற்கு அடிமரத்தைப் பின்னால், அதாவது விழுந்த திசைக்கு எதிராக, இழுக்க வேண்டும். அடி பின்னால் நகர நகர, தலை கவையிலிருந்து உருவிக்கொண்டு கீழே வரும். இதற்கு ஏற்றது கையால் இயக்கும் கம்பி வட வின்ச். டிர்ஃபோர் என்று கேட்டால் வாடகைக் கடையில் தெரியும். 1.6 டன் இழுக்கும் அளவு இந்த மரத்துக்குத் தாராளம். அதன் கைப்பிடியில் ஒரு சிறு ஷியர் பின் இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் அது முறிந்து இழுப்பை நிறுத்தும், பாரம் அப்படியே பிடியில் நிற்கும். முறிந்த பின்னுக்குப் பதிலாக ஆணியையோ போல்ட்டையோ செருகிவிடுவார்கள். அப்படிச் செய்த வின்சை வாங்காதீர்கள். பின் முறிந்தால் இழுப்பு தவறு என்று அர்த்தம்: அடி மண்ணில் குத்தியிருக்கும், அல்லது கீல் இன்னும் பிடித்திருக்கும்.

வின்சை ஒரு நல்ல உயிர் மரத்தின் தூரில், தரையை ஒட்டி, பெல்ட் சுற்றிக் கட்டுங்கள். மரம் இறங்கும்போது அடிமரம் வின்ச் இருக்கும் பக்கம்தான் வரும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் இழுப்பை நேர்க்கோட்டில் வைக்காமல், ஒரு கப்பியைப் போட்டுத் திசையைத் திருப்பி, வின்ச் இயக்குபவரைப் பக்கவாட்டில், எட்டாத தூரத்தில் நிறுத்துவது நல்லது. கப்பி போட்டால் கம்பி வடம் ஒரு முக்கோணமாக மடங்கும். அந்த முக்கோணத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. கப்பி கழன்றாலும் வடம் அறுந்தாலும் அந்த இடத்தைத்தான் வாரிக்கொண்டு போகும். கப்பியைப் பிடிக்கும் மரத்துக்கு வடத்தின் இழுப்பை விடக் கூடுதல் பாரம் வரலாம், வடம் திரும்பி அதே திசைக்கு வந்தால் இரு மடங்கே வரும். எனவே அங்கே கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தை நம்ப வேண்டாம். மழைக்கு ஊறிய காட்டு மண்ணில் அடிமரம் உழுதுகொண்டு நிற்கும். இழுக்கும் முன்பே அடிமரம் வரப்போகும் பக்கத்தில் இரண்டு உருண்டைக் கட்டைகளை நெடுக்காகப் போட்டு வழி செய்துவிட்டால் சறுக்கிக்கொண்டு வரும். கட்டை போடும்போது அடிமரத்தின் கீழ் கையை விடாமல், கம்பால் தள்ளிப் போடுங்கள்.

தோட்டத்து ஜீப்பையோ டிராக்டரையோ வைத்து இழுக்கலாமா என்றால், இழுக்கலாம், ஆனால் பெரும்பாலும் தவறாகத்தான் இழுக்கிறார்கள். வீட்டில் கிடந்த நைலான் கயிற்றைக் கட்டி, வண்டியைத் தொய்விலிருந்து வேகமாக எடுத்து ஒரு சொடுக்குக் கொடுப்பது வழக்கம். நைலான் நீண்டு சேர்த்து வைக்கிற விசையை அறுந்ததும் ஓட்டுநர் தலைக்குத் திருப்பி அனுப்பும். வடம் மரத்தின் உயரத்தை விட நீளமாக இருக்க வேண்டும், தொய்வை மெதுவாக எடுத்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும், நடுவில் நிறுத்திப் பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும். ஜேசிபி வந்தால் அதன் வாளியால் பலாவை ஆட்டச் சொல்லாதீர்கள், அடிமரத்தைச் சங்கிலி போட்டுப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள்.

இழுக்கும்போது ஒருவர் மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும், கையில் விசில். காதுக் கவசம் போட்டவருக்குக் கத்தினால் கேட்காது, ஒரு மெஷினின் இரைச்சலே 100 டெசிபலைத் தாண்டும்.

கீழே வந்த பிறகும் அவசரம் வேண்டாம். அடியில் அழுந்திய காப்பித் தண்டும் சிறு மரங்களும் வில் போல வளைந்து கிடக்கும். எந்தப் பக்கம் அழுத்தம் (வளைவின் உள்பக்கம்), எந்தப் பக்கம் இழுவை (வெளிப்பக்கம்) என்று பார்த்து, அழுத்தப் பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டி, பிறகு இழுவைப் பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். வளைவின் உள்பக்கம் நின்று வெட்டுங்கள், நிமிர்ந்து அடிக்கும் பாதையில் நிற்காதீர்கள். புயலில் வேரோடு சாய்ந்த மரத்தில் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டா மாவட்டங்களில் வேரோடு விழுந்து கிடந்தவை ஏராளம். தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு சேர்ந்து மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். அதன் பின்னாலோ குழிக்குள்ளோ யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் குறிப்பாக.

உடைக்கு வருகிறேன், சுருக்கமாக. ஹெல்மெட், முகவலை, காதுக் கவசம், பூட்ஸ், கூடவே செயின்சா பேண்ட். இந்தப் பேண்ட் வெட்டுப்படாத துணி என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே நீண்ட இழைகள் இருக்கின்றன, செயின் பட்டதும் அவை உருவிக்கொண்டு வந்து, செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி ஓட்டத்தை நிறுத்துகின்றன. ஐரோப்பியத் தரத்தில் முதல் வகுப்பு என்பது வினாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அறுப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். நீங்கள் வாங்கி வைத்து, போட்டால்தான் வேலை என்று சொல்லுங்கள். பெரிய காயத்தை அழுத்திக் கட்டும் துணி பக்கத்திலேயே இருக்கட்டும். 108-க்குச் சொல்ல சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

அடுத்த மரத்துக்கு இந்த நிலை வராமல் இருக்கவும் ஒரு வார்த்தை. சில்வர் ஓக்கின் தலை ஒடுக்கமானது, அதுவாக மாட்டிக்கொள்வது குறைவு. மாட்ட வைப்பது மிளகுக் கொடியும் நம் சிக்கனமும்தான். கொடி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பாலம் போட்டிருந்தால் அறுப்பதற்குச் சில மாதம் முன்பே அடியில் வெட்டிக் காய விடுங்கள். காய்ந்த கொடி அறுந்துகொடுக்கும், பச்சைக் கொடி மரத்தையே பிடித்து நிறுத்தும். சிக்கனம் என்றது, நாலு காப்பிச் செடியைக் காப்பாற்றப் பலாவுக்கும் ஈட்டி மரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு குறுகிய இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது. மாட்டிய மரத்தை இழுத்து எடுக்கும்போது அந்த நாலு செடி போய் நாற்பது செடி போகும். திறந்த பக்கத்துக்கு விழ வைப்பதே மலிவு. மரம் அந்தப் பக்கம் சாயவில்லை என்றால் அறுப்பதற்கு முன்பே உயரத்தில் வடம் கட்டி இழுத்துப் பிடியுங்கள், பின் வெட்டில் பிளாஸ்டிக் ஆப்பு இறக்குங்கள். இரும்பு ஆப்பு செயினில் பட்டால் பல் போய்விடும். விழும் திசைக்குப் பின்னால் இரு பக்கமும் 45 பாகையில் ஓடும் வழி செதுக்குங்கள், அதில் காப்பிச் செடி இருந்தால் அதையும் எடுத்தே ஆக வேண்டும்.

அனுமதியையும் பாருங்கள். அரசு அறிவித்த மலைப் பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், கொடைக்கானல் வட்டாரம் அதில் அடங்கும். நிழல் மரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கே வின்ச் கிடைக்காது என்றால் மரத்தை அப்படியே விட்டு வையுங்கள். இரண்டு மர உயரத்துக்குச் சுற்றிலும் கயிறு கட்டி, அந்த வழியாகப் போகிறவர்களுக்கெல்லாம் நேரில் சொல்லுங்கள், காற்று எழுந்தால் நீங்களும் கிட்டே போகாதீர்கள். அறுப்பவர்களிடம் கூலியையும் பேசிவிடுங்கள். மரத்துக்கு இவ்வளவு என்று பேசி வந்தவருக்கு மாட்டிக்கொண்ட மரம் கூலியில்லாத அரை நாள். அவர் பலாவின் அடிக்குப் போவது அதனால்தான். மாட்டினால் அன்றைய கூலி தனி, வின்ச் வாடகை தோட்டத்துடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவரே மெஷினை அணைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்வார்.